கும்பகோணம் மாடி வகுப்பு: அரூபக் கோட்டோவியத்தின் இரண்டாம் படி

பித்தளைக் குடத்தின் பளபளப்பையும் தாராசுரத்துத் தூணின் வேலைப்பாட்டையும் பென்சிலால் ஓரளவு நம்பும்படி வரைந்துவிடக்கூடிய ஒருவர் பொருள்களின் உருவத்தை அப்படியே காட்டாத அரூப ஓவியத்தின் பக்கம் திரும்பும்போது, அதுவரை கற்றது எதுவும் கைகொடுக்காத ஓர் இடம் வருகிறது. அந்த இடத்தில் நான் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நின்றிருந்தேன். பார்த்து வரையும்போது எது சரி, எது தவறு என்று குடமே சொல்லிவிடும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்தபோதோ, நான் எதை வரைந்தாலும் அது புடவைக் கரையாகவே முடிந்தது. வளைவுகள், திலகங்கள், அலைகள் எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. வீட்டில் பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். அது அலங்காரம்தான், ஓவியமாகவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஏன் ஆகவில்லை என்பதுதான் தெரியவில்லை.

டெல்டா மாவட்டங்களில் ஓவியம் கற்க இடமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தஞ்சாவூர் ஓவியம் கற்றுத்தரும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. குழந்தைகளுக்கான வண்ண வகுப்புகளும் ஊருக்கு ஊர் உண்டு. கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கல்லூரி முழுநேர மாணவர்களுக்கானது. அலுவலகம் போய்வருகிற, அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்ட, வயது நாற்பதைத் தாண்டிய ஒருவர் அதற்கு மேல் எங்கே போவது என்பதற்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. இடையில் இணையத்தில் பணம் கட்டி ஒரு பாடத்தொடரில் சேர்ந்தேன். நாற்பது காணொளிகளையும் பார்த்து முடித்தேன். மையை ஊதுவது, தாளைச் சாய்ப்பது, துணியால் ஒற்றுவது என்று விளைவுகளை உண்டாக்கும் உத்திகளை அதில் கற்றேன். ஆனால் என் தாளை ஒருவரும் பார்க்கவில்லை. இந்தக் குறையை அங்கே நேர்ந்த தவறாகச் சொல்லவில்லை. இந்தக் கட்டத்தில் வேண்டியது இன்னோர் உத்தியைவிட, வரைந்ததைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஒரு ஜோடிக் கண்கள்தான் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அந்தக் கண்கள் எனக்குக் கும்பகோணத்தின் தெற்கே, அரசலாற்றுக்கு அருகில், திண்ணை வைத்த ஒரு பழைய வீட்டின் மாடியில் கிடைத்தன. இந்த வகுப்புக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சேர்ந்தவர்கள் இதை ‘மாடி வகுப்பு’ என்றே சொல்கிறார்கள். நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை ஒன்பதரை மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை, பத்துப் பேருக்கு மேல் இல்லை, கட்டணம் 7,200 ரூபாய். சேர்வதற்கு முன் நாம் வரைந்தவற்றில் பத்துத் தாள்களைக் கொண்டுவரச் சொல்கிறார். பென்சிலையே இப்போதுதான் பிடிப்பவர்களை அவர் சேர்த்துக்கொள்வதில்லை. முதலில் ஓர் ஆண்டு பார்த்து வரைந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார். இது கண்டிப்பாகத் தோன்றலாம். ஆனால் இடைநிலை வகுப்பு என்று சொல்லிவிட்டு, வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, மூன்றாம் வாரத்தில் உருளைக்கு நிழல் போடக் கற்றுக்கொடுக்கும் இடங்களைப் பார்த்தவள் என்ற முறையில் இந்தக் கண்டிப்பை நான் மனமார வரவேற்கிறேன்.

நான் சேர்ந்தது ஜூன் முதல் வாரம். முதல் நாள் வகுப்பறையில் அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. தாள்களையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நேரே ஆற்றங்கரைக்குப் போனோம். அரசலாறு அப்போது வறண்டு கிடந்தது. மணல் திட்டுகள், ஆடுகள் நடந்த தடம், சென்ற பருவத்துத் தண்ணீர் வடிந்துபோன வரிகள் ஆகியவைதான் கண்ணுக்குத் தெரிந்தன. அதை முதலில் இருபது நிமிடம் பார்த்தபடி வரையச் சொன்னார். பிறகு அதே காட்சியைப் பத்துக் கோடுகளில், அதன்பின் ஐந்தில், கடைசியாக மூன்றே கோடுகளில். மூன்று கோடுகளுக்கு வந்தபோது எதை விடுவது என்பதைவிட எதை விடவே முடியாது என்பதுதான் கேள்வியாக இருந்தது. எனக்கு எஞ்சியது ஒரு திட்டின் விளிம்பு, அதை அறுத்துச் சென்ற ஆட்டுத் தடம், எதிர்க்கரையின் நிழல். தாளைத் திருப்பிப் பிடித்தால் அது ஆறு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன.

அதே இடத்துக்கு நான்கு வாரங்கள் தொடர்ந்து போனோம். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து, நான்காம் ஞாயிறன்று அரசலாற்றில் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் நாங்கள் பழகிய வரிகள் எல்லாம் மூழ்கிவிட்டிருந்தன. இப்போது என்ன செய்வது என்று நாங்கள் திகைத்தபோது, முந்தைய தாளை அருகில் வைத்துக்கொண்டு, பழைய கோடுகளின் மேலேயே புதிய ஆற்றை வரையச் சொன்னார். மணலின் விளிம்பு இருந்த இடத்தில் நுரையின் ஓட்டம் வந்து படிந்தது. ஒரு தாளில் இரண்டு காலங்கள் ஒன்றாகின. அரூபம் என்பது காட்சியைப் பொருட்படுத்தாமல் விடுவதால் வருவது என்று அதுவரை எண்ணியிருந்தேன். காட்சியோடு மீண்டும் மீண்டும் பழகி, அதில் அசையாதது எது என்று கண்டுகொள்வதால் வருவது என்பதை அந்த நான்கு வாரங்கள் எனக்குக் காட்டின.

ஐந்தாம் வாரத்துப் பாடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். என் பழைய நோய்க்கு மருந்து கிடைத்தது அன்றுதான். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை, நேர்ப்புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலத்தை எல்லோரும் பென்சிலால் போட வேண்டும். வகுப்பில் இருந்த பெண்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. ஆண்கள் இருவர் முதல் முறையாகப் போட்டார்கள். பிறகு புள்ளிகளை அழித்துவிட வேண்டும். அடுத்து, ஓர் அட்டையில் தீப்பெட்டி அளவுக்குச் சன்னல் வெட்டி, அதைக் கோலத்தின்மேல் நகர்த்தி, கோடுகள் சன்னலின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் ஒரு துண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்தத் துண்டை 15 அங்குலத்துக்கு 22 அங்குலத் தாளில் கரியால் பெரிதாக்க வேண்டும்.

நான் கோலத்தின் ஒரு மூலையைத் தேர்ந்தேன். முதலில் வரைந்தது கம்பியை வளைத்து வைத்ததுபோல் இருந்தது, ஏனென்றால் கோடு முழுக்க ஒரே தடிமன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு ஒரே சீராக இறங்குவது கோலத்துக்கு அழகு. பல ஆண்டுப் பழக்கத்தில் என் கை அந்தச் சீரை அப்படியே தாளுக்கும் கொண்டுவந்துவிட்டது. ஆசிரியர் கரித்துண்டைப் படுக்கைவசமாகப் பிடிக்கச் சொன்னார். உட்காராமல் நின்றுகொண்டு, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசச் சொன்னார். இரண்டாம் தாளில் வளைவு இறங்கும்போது பருத்தது, ஏறும்போது மெலிந்து ஏறக்குறைய மறைந்தது. அப்போதுதான் இரண்டு வளைவுகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தை முதன்முறையாகப் பார்த்தேன். அடுக்கி வைத்த இரண்டு பானைகளுக்கு இடையில் தெரியும் சந்துபோல அதற்கும் ஓர் உருவம் இருந்தது. கோடுகளைவிட அதுவே தாளை ஆண்டுகொண்டிருந்தது.

புடவைக் கரையில் ஒவ்வொரு மயிலுக்கும் ஒவ்வொரு மாங்காய்க்கும் ஒரே மதிப்பு. சிக்குக் கோலத்தில் கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து மூடிக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணும் அதனுடனே சுற்றிவந்து நிறைவடைந்துவிடும். ஓவியத்திலோ ஓரிடம் தலைமை ஏற்க வேண்டும். மற்றவை அதற்கு வழிவிட வேண்டும். நான் ஒன்றரை ஆண்டாக எல்லாவற்றுக்கும் சரிக்குச் சரி இடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோலம் குறைந்தது என்று இதற்குப் பொருளில்லை. கோலத்தின் நியதி வேறு, இதன் நியதி வேறு என்பதை அவர் என் கையிலிருந்த கலையைக் கொண்டே எனக்கு விளங்கவைத்தார். எங்கோ இருக்கும் எடுத்துக்காட்டைச் சொல்லியிருந்தால் இத்தனை எளிதில் இது எனக்குள் இறங்கியிருக்காது.

ஆறாம், ஏழாம் வாரங்கள் ஒளிநிழலின் படிநிலைகளுக்கு. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து கட்டங்கள் போட்டு நிரப்புவது எல்லோரும் தொடக்க வகுப்பிலேயே செய்தது. ஆனால் என் தாள்களை வரிசையாகச் சுவரில் ஒட்டி, கண்ணை இடுக்கிப் பார்க்கச் சொன்னபோது, நான் அந்த ஐந்தில் நடுவிலிருக்கும் மூன்றைத் தாண்டவே இல்லை என்பது தெரிந்தது. எல்லாம் சோகை பிடித்ததுபோல் வெளிறிக் கிடந்தன. முழுக் கறுப்புக்குப் போகக் கை அஞ்சுகிறது, ஏனென்றால் போட்டால் திரும்ப முடியாது என்ற எண்ணம். அந்த அச்சத்தைப் போக்கத் தாள் முழுவதையும் முதலில் கரியால் கறுப்பாக்கிவிட்டு, பிசைந்து உருட்டும் ரப்பரால் வெளிச்சத்தை மட்டும் எடுத்து வரையும் பயிற்சி கொடுத்தார். அழிப்பதும் வரைவதுதான் என்பது நான் எங்கும் படித்திராத செய்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கை அதைக் கற்றது அன்றைக்குத்தான்.

கரியை அவரே சுட்டுத் தருகிறார் என்பதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. பென்சில் பருமனுள்ள புளியங்குச்சிகளைப் பட்டை உரித்து, ஒரு தகர டப்பாவில் இறுக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளையிட்டு நெருப்பில் வைக்கிறார். துளை வழியே புகை வருவது நின்றதும் டப்பாவை எடுத்துவிட வேண்டும்; முழுக்க ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பது சாம்பலாகிவிடும். இந்தக் கரி கடையில் கிடைக்கும் அழுத்தப்பட்ட கரியைவிட மென்மையானது; துணியால் தட்டினாலே பாதி உதிர்ந்துவிடும். ஆகவே தவறு செய்யத் துணிவு வருகிறது. அடர்ந்த கறுப்பு வேண்டும் என்றால் கடைக் கரியைத்தான் நாட வேண்டும்.

அதேபோல, காவிரிப் படுகையில் வளரும் நாணலைச் சாய்வாகச் சீவி, நுனியில் ஒரு கீற்றுப் பிளந்து, மையில் தொட்டு வரையும் பேனா. மை பாதிக் கோட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. ஈரமாகத் தொடங்கிய கோடு வறண்டு, சொரசொரப்பாகி, தாளின் மேட்டை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. குறுவை நடவு முடிந்த ஒரு வயலை வரப்பிலிருந்து பார்த்து, நாற்று முதல்களை, அதாவது ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துகளை, வெறும் அடையாளங்களாக இந்தப் பேனாவால் வைத்தோம். வரிசை ஒன்றுதான், ஆனால் இரண்டு முதல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே அடையாளத்தைத் திரும்பத் திரும்ப வைக்கும்போதும் அது அச்சடித்ததுபோல் ஆகிவிடாமல் காப்பது எப்படி என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் நம் ஊரில் கிடைப்பது அரிது.

ஒவ்வொரு வகுப்பிலும் அரை மணி நேரம் மற்றவர்களின் படைப்புகளைப் பார்ப்பதற்கு. டச்சு ஓவியர் மோந்திரியான் 1908-ஐ ஒட்டி வரையத் தொடங்கிய சிவப்பு மரமும், 1911-இன் சாம்பல் நிற மரமும், 1912-இன் பூத்த ஆப்பிள் மரமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டபோது, மரம் கிளையாகி, கிளை வளைவாகி, வளைவுகள் ஒரு வலையாகும் படிகள் தெளிவாகத் தெரிந்தன. ஆற்றங்கரையில் எங்களைச் செய்யச் சொன்னது இதைத்தான் என்று விளக்கம் எதுவும் இல்லாமலே புரிந்தது. பரோடாவில் பல ஆண்டுகள் கற்பித்த ஓவியர் நஸ்ரீன் முகமதியின் (1937–1990) பென்சில், மைக் கோடுகள் இன்னொரு முனையில் நின்றன. அளவுகோலின் துல்லியத்தோடு இழுக்கப்பட்ட மெல்லிய கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் அங்கே பேசுகிறது. துறையூருக்கு அருகிலுள்ள கீராம்பூரில் 1938-இல் பிறந்த ஓவியர் ஆதிமூலம், காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு மையில் காந்தியை வரைந்து குவித்தவர், பின்னாளில் உருவங்களே இல்லாத வண்ணப் பரப்புகளுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைப் பேசிய நாள் எனக்கு மிகவும் பிடித்தது. சென்னைக்கு அருகிலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர், 1963-இல் தொடங்கிய தம் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துகளையும் சோதிடக் கட்டங்களையும் படிக்க முடியாத அடையாளங்களாக மாற்றியதைப் பார்த்த பிறகு, எங்கள் வீட்டுப் பழைய ஜாதக நோட்டு எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கியிருக்கிறது.

இத்தனை நல்ல படங்களையும் ஆசிரியர் தம் கைப்பேசியின் சிறிய திரையில்தான் காட்டுகிறார் என்பது பெரிய குறை. முகமதியின் கோடுகள் அந்த அளவில் வெறும் சாம்பல் பரப்பாகத்தான் தெரிகின்றன. பத்துப் பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி நிற்கும்போது பின்னால் இருப்பவருக்கு அதுவும் தெரிவதில்லை. ஏ3 அளவில் இருபது அச்சுப் பிரதிகள் எடுத்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் பயன்படும். இதை அவரிடமே சொன்னேன். அடுத்த தொகுதிக்குச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வகுப்பின் உயிர், கடைசி ஒரு மணி நேரத்தில் நடக்கும் கலந்துரையாடல். தாள்கள் எல்லாம் சுவரில் ஒட்டப்படும். வரைந்தவர் பேசக் கூடாது, மற்றவர்கள் தாங்கள் காண்பதை மட்டும் சொல்ல வேண்டும், ‘நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லுக்கு இடமில்லை. அதன்பிறகு ஆசிரியர் ஏதாவது ஒரு கோட்டைச் சுட்டி, “இந்தக் கோடு எதுக்கு வந்துச்சு, சொல்லுங்கம்மா” என்று கேட்பார். சில சமயம் விடை இருக்கும். பல சமயம் இருக்காது. விடை இல்லாத கோட்டை ஒரு தாள் துண்டால் மறைத்துக் காட்டுவார். பெரும்பாலும் படம் அதனால் எதையும் இழந்திருக்காது. எப்போது நிறுத்துவது என்ற, அரூபம் வரைபவர்களை ஓயாமல் வாட்டும் கேள்விக்கு நான் கண்ட நேர்மையான வழி இதுதான். இப்போது வீட்டில் வரையும்போதும் தாள் துண்டு ஒன்றைக் கையருகில் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பத்துப் பேருக்கு ஒரு மணி நேரம் என்றால் தலைக்கு ஆறு நிமிடம். முதல் மூவருக்குப் பதினைந்து நிமிடம் வீதம் போய்விடுகிறது. கடைசியில் இருப்பவர்களுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் நான் கடைசியில் மாட்டிக்கொண்டேன். நான் மிகவும் பாடுபட்டு வரைந்த இரண்டு தாள்களும் அந்த வாரங்களுடையவை. கடிகாரம் பார்த்து நடத்தினாலோ, வாரத்துக்கு ஐவர் என்று முறை வைத்தாலோ இது தீர்ந்துவிடும். அதைவிட எனக்கு நேர்ந்த இடைஞ்சல், இரண்டு ஞாயிறு வகுப்புகள் முகூர்த்த நாள்களால் தள்ளிவைக்கப்பட்டு, ஈடாகப் புதன்கிழமைகளில் நடந்தது. பாபநாசத்திலிருந்து வரும் நான் கூட்டுறவுச் சங்க வேலையில் இருமுறை அரை நாள் விடுப்பு எடுத்தேன். மயிலாடுதுறையிலிருந்து வந்த ஒருவரால் இரண்டுக்கும் வர இயலவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்காகவே ஞாயிறு என்று வைத்த வகுப்பில் இது நேரக் கூடாது. ஆடிப்பெருக்கை ஒட்டிய ஞாயிறன்று படித்துறைகளில் நிற்கக்கூட இடமில்லாமல் மாடியிலேயே வகுப்பு நடந்தது. அதை நான் குறையாகச் சேர்க்கவில்லை.

பாடத்திட்டத்தைப் பற்றியும் ஒரு வருத்தம் உண்டு. அரூபத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: கண்ட ஒன்றிலிருந்து கழித்துக் கழித்து அடைவது ஒன்று, எதையும் காணாமல் புள்ளி, கோடு, பரப்பு ஆகியவற்றின் உறவிலிருந்தே கட்டி எழுப்புவது மற்றொன்று. இந்த வகுப்பு முதல் வழியில் மிகவும் வலுவானது. பத்து வாரங்கள் அதற்கே போய்விடுகின்றன. இரண்டாம் வழிக்குக் கடைசி இரண்டு வாரங்கள்தான். அவற்றிலும் ஒன்று தேர்ந்த தாள்களைச் சட்டகத்துக்கு ஏற்பத் தயார்செய்வதிலேயே கழிந்தது. ஆற்றையும் வயலையும் விட்டுவிட்டு முழுக்கத் தாளையே நம்பி வரைய வேண்டிய நேரத்தில் எங்களில் பாதிப் பேர் தடுமாறினோம். குறைந்தது நான்கு வாரங்களாவது அதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொருள்களுக்கு எனக்குத் தனியாக 1,800 ரூபாய் போலச் செலவானது. வகுப்பில் கொடுக்கும் தாள் மெல்லியது. ரப்பரால் நான்கு முறை எடுத்தால் மேல்தோல் உரிந்துவிடுகிறது. 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) எடையுள்ள, சற்றே சொரசொரப்பான தாளை நாமே வாங்கிப்போவது நல்லது. ஆற்றில் தண்ணீர் வந்த பிறகும், மழைக்காலத்திலும் நம் பக்கத்துக் காற்றின் ஈரம் தாளில் ஏறிவிடும். ஈரம் ஏறிய தாளில் கரி திட்டுத்திட்டாகப் பிடிக்கும், நாணல் பேனாவின் மை கசிந்து பரவும். தாள்களைப் பாலித்தீன் உறையில் சுற்றி, தட்டையாக, அரிசி மூட்டை இருக்கும் அறையிலோ சுவரை ஒட்டியோ அல்லாமல், அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். மாடிப்படி செங்குத்தானது, பிடிமானக் கயிறு மட்டும்தான் உண்டு. மூட்டு வலி உள்ளவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும், பன்னிரண்டு வாரத்தில் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு இந்த வகுப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். நான் வரைந்த ஏறத்தாழ நூறு தாள்களில் மூன்றைத்தான் வைத்திருக்கிறேன். பார்த்து வரையக் கை பழகிவிட்டது, அதற்கு மேல் ஏன் நகர முடியவில்லை என்று தெரியவில்லை என்பவர்களுக்கு, மேலே சொன்ன குறைகள் அனைத்தோடும் சேர்த்தே, இந்த மாடியை உறுதியாகச் சொல்வேன். அடுத்த தொகுதி தீபாவளி கழிந்து தொடங்குகிறது. கும்பகோணத்தில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் மாடி வகுப்பு என்று கேட்டால் வழி சொல்வார்கள். பழைய மாணவர்களுக்காகத் தை மாதத்தில், காட்சி எதையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் தாளிலிருந்தே தொடங்கும் ஆறு வார வகுப்பு ஒன்றை நடத்தும்படி நாங்கள் நால்வர் கேட்டிருந்தோம். அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.